கேம் விளையாடேக்க பிசி சட்டெண்டு நிண்டு போகுது, சூடா கரண்டா எண்டு விளங்கேல்ல

உப்புவெளி_144

அண்ணாமார் அக்காமார் ஒருக்கா இதைப் பாத்து சொல்லுங்கோ. என்ர பிசி ரெண்டு விதமா கரைச்சல் தருது, ரெண்டும் ஒரே வருத்தமா வேற வேறயா எண்டே விளங்குதில்ல. ரைசன் 5 5600 சிபியு, ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் காட், பி550 போர்ட், 16 ஜிபி றாம், 650 வொட் புரோன்ஸ் தரப் பவர் சப்ளை, முன்பக்கம் முழுக்க கண்ணாடி வச்ச கேஸ். சிபியுக்கு பெட்டியோட வந்த சின்ன கூலர்தான். யுபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற பெட்டி) 650 விஏ, பவர் சப்ளையும் 650 எண்டபடியா ரெண்டும் சமன், அது காணும் எண்டு வாங்கின இடத்தில சொன்னவை.

முதலாவது பகல்ல வாறது. கச்சான் காத்து (தென்மேல் பருவத்தில வாற வெக்கைக் காத்து) தொடங்கினதில இருந்து மத்தியானத்தில றூமுக்குள்ள இருக்கேலாது, மேல சீற் கூரை, வேர்த்துக் கொட்டுது. கேம் தொடங்கேக்க 120 பிரேம் போகுது, கொஞ்ச நேரத்தில 70, 60 எண்டு விழுந்து இழுபடுது, ஃபேன் எல்லாம் கத்துது. அந்த நேரம் பாத்தா சிபியு 90 டிகிரி, காட் 84. ஆனா நிக்குதில்ல, கேமை மூடிப்போட்டு விட்டா கொஞ்சத்தில சரியாகுது.

ரெண்டாவது பின்னேரம் ஏழு ஏழரைக்குப் பிறகு. அந்த நேரம் வெக்கை குறைவு, சூடும் 75க்கு மேல போகேல்ல, ஆனா நல்லா விளையாடிக்கொண்டு இருக்கேக்க டப்பெண்டு எல்லாம் ஓஃப். நீல ஸ்கிரீன் வாறேல்ல, எரர் ஒண்டும் காட்டுறேல்ல. பிறகு போட்டா விண்டோஸ் ஈவன்ட் வியூவர்ல கேர்னல் பவர் 41 எண்டு சிவப்பில கிடக்குது. கடையில ஒரு ஆள் லிக்விட் கூலர் போடு எண்டுறார், இன்னொருத்தர் பவர் சப்ளை செத்துப்போச்சு எண்டுறார். ரெண்டும் வாங்க என்னட்ட வழியில்ல. எதை முதல்ல மாத்துறது?

மறந்துபோனன், வெறுங்காலோட நிண்டு கேசில கை பட்டா மெல்லிசா சுர்ரெண்டு இழுக்குது. அதுவும் இதோட சேர்ந்ததா தெரியேல்ல.


டொக்யாட்_றைடர்

மச்சான் 41 எண்டு வந்தா பவர் சப்ளைதான். 3070க்கு என்விடியாவே 650 வொட் எண்டுதான் சொல்லுது, உன்னட்ட மட்டுமட்டா இருக்கு. 850 கோல்ட் ஒண்டு போடு பிரச்சினை முடிஞ்சுது.


கிண்ணியா_ரிப்பேர்

தம்பி ஒண்டும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. 41 எண்டுறது விண்டோஸ் ஒழுங்கா மூடப்படாம நிண்டுது எண்டு மட்டும்தான் சொல்லுது, ஏன் நிண்டுது எண்டு அது சொல்லாது. கரண்ட் கட் ஆனாலும் 41 வரும், ரீசெட் பட்டனை அமத்தினாலும் 41 வரும், பவர் சப்ளை போனாலும் அதுதான். அதை வச்சு சாமான் மாத்த வெளிக்கிட்டா காசுதான் போகும். என்னட்ட வாற பொடியன்மாருக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதைத்தான், முதல்ல அளந்து பாருங்க, பிறகு காசை எடுங்க.

இதுக்கு மறுமொழி சொல்லுங்க. பின்னேரம் நிக்கிறப்போ மொனிட்டரும் சேர்ந்து ஓஃப் ஆகுதா, இல்ல மொனிட்டர்ல நோ சிக்னல் எண்டு வருதா? நிண்ட பிறகு பட்டனை அமத்தினா உடனே வருதா, இல்ல பவர் சப்ளைக்குப் பின்னால உள்ள சுவிட்சை ஓஃப் பண்ணி கொஞ்சம் விட்டுப் போட்டாத்தான் வருதா? நிக்கிறதுக்கு முன்னாடி யுபிஎஸ்ல டிக் டிக் எண்டு ஏதும் சத்தம் கேக்குதா? மொனிட்டரும் யுபிஎஸ்லதானே குத்தியிருக்கு? யுபிஎஸ் எத்தனை வருசம் பழசு?


உப்புவெளி_144

நானா நீங்க கேட்டபிறகுதான் கவனிச்சுப் பாத்தன். மொனிட்டரும் சேர்ந்துதான் போகுது, நோ சிக்னல் வாறேல்ல. ரெண்டும் யுபிஎஸ்லதான். ஓம் டிக் எண்டு ஒரு சத்தம், சில நேரம் ரெண்டு மூண்டு தரம் டிக் டிக், பிறகு நீட்டா ஒரு பீப், அதோட எல்லாம் இருட்டு. யுபிஎஸ் பட்டனை அமத்தி திருப்பிப் போட்டா பிசி வழமையா வருது, பின்சுவிட்ச் தொடத் தேவையில்ல. யுபிஎஸ் அண்ணன்ர, மூண்டு வருசத்துக்கு மேல இருக்கும், மேசைக்குக் கீழ கேசோட ஒட்டித்தான் வச்சிருக்கு.


கிண்ணியா_ரிப்பேர்

அப்ப விசயம் பாதி முடிஞ்சுது தம்பி. மொனிட்டரும் சேர்ந்து போனா கோளாறு பிசிக்கு வெளிய. பவர் சப்ளை தன்னைப் பாதுகாக்க நிண்டிருந்தா மொனிட்டர் எரிஞ்சுகொண்டு நோ சிக்னல் காட்டும், கனக்க சப்ளை அப்பிடி நிண்டா பின்சுவிட்சை ஓஃப் பண்ணி ஒன் பண்ணும் வரைக்கும் உயிர் வராது. உங்கட ரெண்டும் இல்ல. சூட்டால நிக்கிறதும் இப்பிடி இல்ல, சிபியு சூடானா முதல்ல தன்ர வேகத்தைக் குறைக்கும், நீங்க பகல்ல பாக்கிற இழுவை அதுதான். 5600க்கு ஏஎம்டி குடுத்த எல்லை 90 டிகிரி, உங்கட சிபியு அந்த எல்லையில முட்டிக்கொண்டு நிக்குது. 3070க்கு எல்லை 93, ஆனா 83 பக்கத்தில வந்ததுமே காட் தன்ர வேகத்தை இறக்கத் தொடங்கிரும். அதனால பகல் கரைச்சல் சூடு, பின்னேரக் கரைச்சல் யுபிஎஸ். ரெண்டும் வேற வேற.

650 வொட்டும் 650 விஏயும் ஒண்டில்ல, விஏ எண்டது வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கின கணக்கு, உண்மையா தாங்கிற வொட் அதை விடக் குறைவு. இதை எல்லாரும் விளங்கிக்கொள்ளணும், ஏனெண்டா எங்கட பக்கம் முக்காவாசிப் பேருக்கு இப்பிடித்தான் யுபிஎஸ் குடுத்து அனுப்புறாங்க. யுபிஎஸ்க்குப் பின்னால ஸ்டிக்கர்ல சின்ன எழுத்தில வொட் எவ்வளவு எண்டு இருக்கும் பாருங்க, 650 விஏ சாதாரண யுபிஎஸ் எண்டா 360 வொட், கூடினா 390. அவ்வளவுதான் அது தாங்கும். இப்ப உங்கட கணக்கைப் பாருங்க. காட் 220 வொட், சிபியு முழு வேகத்தில 76, போர்ட் றாம் எஸ்எஸ்டி ஃபேன் எல்லாத்துக்கும் ஒரு 50, மொத்தம் 345 பக்கம். புரோன்ஸ் சப்ளை நூத்துக்கு 85 அளவுலதான் உள்ளுக்குக் குடுக்கும், மிச்சம் சூடாப் போகும், அப்ப சுவர்ல இருந்து இழுக்கிறது 400க்கு மேல. மொனிட்டருக்கு ஒரு 30. கேம் கனமா ஓடுற நேரம் 430 வொட் 360 வொட் யுபிஎஸ்ஸுக்கால போகுது. அதோட 3070 மாதிரி ஆர்டிஎக்ஸ் 30 தொடர் காட் எல்லாம் சில மில்லிசெக்கனுக்கு தன்ர 220ஐ நல்லா தாண்டிப் பாயும், அது தனி.

பிறகு ஏன் பகல்ல நிக்காம பின்னேரம் மட்டும் நிக்குது எண்டு கேப்பீங்க. பகல்ல லைன் வோல்டேஜ் ஒழுங்கா இருக்கிறப்போ யுபிஎஸ் கரண்டை அப்பிடியே கடத்தி விடுது, பற்றிக்கு (பட்டரிக்கு) வேலையில்ல. பின்னேரம் எல்லா வீட்டிலயும் ஏசி, மோட்டர், ரைஸ் குக்கர் எண்டு போட்டதும் 230 இருக்க வேண்டிய இடத்தில வோல்டேஜ் கீழ இறங்குது. அதைத் தூக்கி விட யுபிஎஸ்ஸுக்கு உள்ளுக்கு இருக்கிற ரிலே (தானா மாறுற சுவிட்ச்) மாறுது, அந்த டிக் டிக் அதுதான். இன்னும் இறங்கினா பற்றிக்கு மாறும். அந்த இடத்தில 430 வொட்டைப் பழைய பற்றி தூக்கணும், அது ஏலாது, ஓவர்லோட் எண்டு பீப் அடிச்சு படுத்துரும். பற்றியும் ஈய அசிட் பற்றி, அதுக்குக் குடுக்கிற ஆயுசு 25 டிகிரிக்கு, 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும் எண்டுதான் கணக்கு. நீங்க அதைக் கேஸ்ட சுடுகாத்துக்குப் பக்கத்தில வச்சிருக்கிறீங்க.

செய்ய வேண்டியது இதுதான். இண்டைக்கு ஒரு நல்ல சுவர் சொக்கெட்டில பிசியையும் மொனிட்டரையும் நேர குத்தி, யுபிஎஸ் இல்லாம, அதே நேரம் அதே கேமை விளையாடிப் பாருங்க. சேவ் பண்ணிப் பண்ணி விளையாடுங்க, கரண்ட் போனா போனதுதான். நிக்காட்டி ஆள் யுபிஎஸ்தான். ஒரு சதமும் செலவில்லாத சோதனை.


நிலாவெளி_காத்து

நானா சொன்னது சரி. நான் சூட்டுப் பக்கத்தைப் பத்தி மட்டும் எழுதுறன், ஏனெண்டா கடலோரத்தில பிசி வச்சிருக்கிற ஆக்களுக்கு வாற பிரச்சினை வேற இடத்து ஆக்களுக்கு விளங்காது.

லிக்விட் கூலர் வாங்காத தம்பி. காத்துக் கூலரோ தண்ணிக் கூலரோ ரெண்டும் சூட்டை றூம் காத்துக்குத்தான் குடுக்குது. றூம் 35 டிகிரி எண்டா 35க்குக் கீழ ஒண்டும் போகாது. றூம் ஒரு டிகிரி ஏறினா உள்ளுக்கும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். முன்னுக்கு கண்ணாடியை அடைச்சு வச்சுக்கொண்டு உள்ளுக்கு எதைப் போட்டாலும் அது தன்ர சுடுகாத்தையே திரும்பக் குடிக்குது.

முதல்ல பக்கத்துக் கதவைக் கழட்டிப்போட்டு அதே கேமை அதே நேரம் ஓட விட்டுப் பார். எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட சூடு பாக்கிற மென்பொருளைப் போட்டு சிபியு, காட், காட்டின்ர ஹொட்ஸ்பொட் (காட் சிப்பில ஆகக்கூடச் சூடான இடம்) மூண்டையும் குறிச்சுக்கொள். கதவு கழட்டினதும் 8, 10 டிகிரி விழுந்தா கூலரில பிழையில்ல, கேசுக்குள்ள காத்து வாறேல்ல எண்டு அர்த்தம். விழாட்டி கூலருக்குள்ள தூசியோ, சிபியுக்கும் கூலருக்கும் இடையில பூசுற பேஸ்ட் காஞ்சதோ. ஹொட்ஸ்பொட் காட் சூட்டை விட 10, 15 கூட இருக்கிறது வழமை, 25, 30 கூட நிண்டா காட்டின்ர பேஸ்ட்டைப் பாக்க வேணும்.

இப்ப தூசி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டு யன்னல் திறந்து கிடந்தா வாறது வெறும் தூசி இல்ல, உப்போட சேர்ந்த தூசி. உப்பு ஈரத்தை இழுக்கும், அதால தூசி பிசுபிசுத்து ஹீட்சிங்குக்கு இடையில இறுகி ஒட்டுது, ஊதினா போகாது. என்ர பழைய கேஸைக் கழட்டேக்க ஸ்குரூ தலையெல்லாம் கருவாட்டில உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா இருந்தது, செம்புக் குழாயில பச்சை பிடிச்சிருந்தது. ஃபேனைக் கழட்டி மெல்லிய பிரஷால தேச்சு எடுக்க வேணும், ஒட்டினதுக்கு ஐசோபுறொப்பைல் அல்கஹோல், 90 வீதத்துக்கு மேல உள்ளது, பாமசியில விசாரிச்சுப் பார். ஈரத் துணி வேண்டாம். டயர் கடை கொம்பிறசரில பிடிக்கிற ஆக்கள் இருக்கினம், தயவுசெய்து வேண்டாம், அந்தக் காத்தோட தண்ணியும் சேர்ந்து வரும். புளோவர் எண்டாலும் ஃபேன் இதழை விரலால பிடிச்சுக்கொண்டு ஊது, சுத்த விடாத, பேரிங் போயிரும்.

இங்க வருசத்தில ஒருக்கா துப்பரவாக்குறது காணாது. கச்சான் தொடங்க முதல் ஒருக்கா, வாடை மழை முடிய ஒருக்கா செய். முன்கண்ணாடியைக் கழட்டேலுமெண்டா கழட்டிப்போட்டு மெல்லிய நைலோன் வலை ஒண்டை இழுத்துக் கட்டு, பாக்க வடிவில்லாட்டியும் பரவாயில்ல. ஃபேன் திசையையும் பார், முன்னுக்கு உள்ளது உள்ளுக்கு இழுக்க வேணும், பின்னுக்கும் மேலயும் உள்ளது வெளிய தள்ள வேணும். ஃபேனின்ர சட்டம் குறுக்கே போற பக்கத்தாலதான் காத்து வெளிய வரும், கடதாசித் துண்டு ஒண்டைப் பிடிச்சா தெரியும்.

காசு செலவில்லாத இன்னொண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் எண்ட மென்பொருளைப் போட்டு காட்டின்ர பவர் லிமிட்டை 75 வீதத்துக்கு இறக்கு. 220 வொட் 165 ஆகும், பிரேம் குறையிறது கொஞ்சம்தான், கண்ணுக்குத் தெரியாது. நேரம் இருந்தா 0.9 வோல்ட்டில 1800 மெகாஹெர்ட்ஸ் எண்டு அண்டர்வோல்ட் (காட்டுக்குப் போற வோல்ட்டைக் குறைக்கிறது) பண்ணிப் பார், எல்லாக் காட்டும் ஒரே மாதிரி ஏற்காது, கேம் அடிச்சு விழுந்தா கொஞ்சம் வோல்ட்டைக் கூட்டு. பிரேமையும் 90ல கட்டி வை. கச்சான் காலத்தில 120 பிரேம் தேவையில்ல.


ஓர்ஸ்ஹில்_வயரிங்

எல்லாரும் விட்டுப்போட்ட ஒண்டை நான் பிடிக்கிறன். தம்பி கடைசியில ஒரு வரியில சொல்லிப்போட்டுப் போனதுதான் இதில எனக்குப் பெரிசு. கேசில கை வச்சா சுர்ரெண்டுது எண்டது.

பவர் சப்ளைக்குள்ள லைனுக்கும் பொடிக்கும் (வெளி உலோகத்துக்கும்), நியூட்ரலுக்கும் பொடிக்கும் இடையில சின்னக் கபாசிட்டர் ரெண்டு இருக்கும், இரைச்சலை வடிகட்ட. அதுக்கால கசியிற கொஞ்சக் கரண்ட் எர்த் வயரால நிலத்துக்குப் போக வேணும். எர்த் இல்லாட்டி அது கேசிலயே நிக்கும், மீட்டர் வச்சா 230இல பாதி, 110, 115 எண்டு காட்டும். கரண்ட் மிகக் குறைவு எண்டபடியா ஆள் சாகாது, சுர்ரெண்டும். ஆனா அது சொல்லுறது உன்ர வீட்டில அந்த சொக்கெட்டுக்கு எர்த் இல்ல எண்டு. நாளைக்கு உள்ளுக்கு ஒரு வயர் இன்சுலேசன் போய் லைன் நேர கேசில பட்டா அப்ப காப்பாத்த எர்த் இல்ல. ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு நினைக்காத, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் எண்டாலும் எர்த் இல்லாத இடத்தில உன்ர உடம்புக்கால கரண்ட் போனாப் பிறகுதான் அது விழும். ட்ரிப்பில உள்ள டெஸ்ட் பட்டனை அமத்திப் பாத்து எர்த் சரி எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அந்தப் பட்டன் ட்ரிப் விழுதா எண்டு மட்டும்தான் பாக்கும், எர்த்தைப் பாக்காது.

பழைய வீடா? வட்டப் பின் சொக்கெட்டில சதுரப் பின் பிளக்கை அடப்டர் போட்டுக் குத்தியிருக்கிறியா? அந்த மலிவு அடப்டர் கனக்கில எர்த் பின் சும்மா பிளாஸ்டிக்தான். கடலோரத்தில சொக்கெட்டுக்குள்ள பித்தளை பச்சை பிடிச்சு தளர்ந்தும் போகும். விளையாடி முடிச்ச கையோட பிளக்கின்ர வெளிப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார், சூடா இருந்தா அந்த சொக்கெட்டைப் பாவிக்காத. இன்னொரு விசயம், எங்கட பக்கம் மணல் தரை, கச்சானுக்கு மணல் காஞ்சா எர்த் கம்பியின்ர ரெசிஸ்டன்ஸ் ஏறும். இதை நீயே திறந்து பாக்காத, எர்த் டெஸ்டர் வச்சிருக்கிற இலக்ட்ரீசியன் ஒராளைக் கூப்பிடு. அது வரைக்கும் வெறுங்காலோட கேசைத் தொடாத, காட் கழட்டுற கூலர் கழட்டுற வேலையெண்டா பிளக்கை முழுசாக் கழட்டிப்போட்டுச் செய்.


டொக்யாட்_றைடர்

அப்ப 650 சப்ளை காணும் எண்டுறீங்களா? கனபேர் 3070க்கு 750 போடச் சொல்லுறாங்கள்.


கிண்ணியா_ரிப்பேர்

345 வொட் லோட்டுக்கு 650 காணும் தம்பி, சப்ளை நல்ல தரமா இருந்தா. சந்தேகம் எண்டா எச்டபிள்யூஇன்ஃபோவில 12 வோல்ட் வரியைப் பாருங்க, ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4க்கும் 12.6க்கும் இடையில நிக்கணும், லோட் வந்ததும் 11.4க்குக் கீழ விழுந்தா அப்ப சப்ளையைப் பத்திக் கதைக்கலாம். போர்ட் காட்டுறது சில நேரம் பிழைக்கும், மீட்டர் வச்சா நிச்சயம். மற்றது காட்டுக்குப் போற ரெண்டு 8 பின்னும் சப்ளையில இருந்து ரெண்டு தனி வயராப் போகணும். ஒரே வயர்ல ரெண்டு தலை உள்ளதைக் குத்திவிடாதீங்க, 3070 மாதிரி காட்டுக்கு அந்த ஒரு வயர்ல பாரம் கூட.


உப்புவெளி_144

எல்லாருக்கும் பெரிய நன்றி, செய்து பாத்ததை எழுதுறன் பின்னுக்குத் தேடி வாற ஆக்களுக்கு உதவும்.

நேர சுவரில குத்தி இந்தக் கிழமை முழுக்க அதே நேரம் விளையாடினன், ஒருக்காலும் நிக்கேல்ல. யுபிஎஸ் பின்னால ஸ்டிக்கர்ல 360 வொட் எண்டு தெளிவா இருக்குது. காட்டுக்கு ஒரே வயர்தான் ரெண்டு தலையோட குத்திக் கிடந்தது, சப்ளைப் பெட்டிக்குள்ள ரெண்டாவது வயர் பொலித்தீன்கூட பிரிக்காம இருந்தது, எடுத்துப் போட்டாச்சு.

பக்கக் கதவு கழட்டினதும் காட் 84ல இருந்து 75க்கு வந்துது, சிபியு 82. அதால கண்ணாடியைக் கழட்டி வலை கட்டியாச்சு. மேல உள்ள ஃபேன் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு இருந்தது, திருப்பிப் போட்டன். சிபியு கூலருக்கு இடையில நிலாவெளி அண்ணை சொன்ன அதே பிசுபிசுப்பு, பிரஷ் போட்டு எடுக்கவே கனநேரம் போச்சு, புதுப் பேஸ்ட்டும் போட்டன். பவர் லிமிட் 75. இப்ப மத்தியானத்தில கதவு மூடினபடி சிபியு 78, காட் 70, 90 பிரேம் அசையாம நிக்குது.

எர்த்துக்கு இலக்ட்ரீசியன் வந்து பாத்தவர். என்ர றூம் சொக்கெட்டுக்கு எர்த் வயர் வந்து கிடக்குது, ஆனா உள்ளுக்கு முனை கறள் பிடிச்சு அறுந்து கிடந்தது. புதுச் சதுரப் பின் சொக்கெட் போட்டு, வெளிய கம்பியடியிலயும் கிளாம்பை மாத்தித் தந்தவர். இப்ப கேசில கை வச்சா ஒண்டுமில்ல. அம்மா சுவிட்ச் போடேக்க மிக்சியிலயும் அப்பிடி இழுக்கிறதெண்டு சொன்னவ, குசினிச் சொக்கெட்டும் அதே நிலைமை, அதையும் செய்விச்சம்.

நானா கடைசியா ஒண்டு, யுபிஎஸ் இல்லாமலே விடலாமா, எடுக்கிறதெண்டா எது?


கிண்ணியா_ரிப்பேர்

அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். உம்மாட குசினிச் சொக்கெட்டையும் செஞ்சதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

யுபிஎஸ் இல்லாம விடாதீங்க, எழுதிக்கொண்டு இருக்கிறப்போ கரண்ட் போனா எஸ்எஸ்டியில உள்ளதுக்கும் கரைச்சல். ஆனா யுபிஎஸ் கேம் தொடர்ந்து விளையாட இல்ல, சேவ் பண்ணி மூட நேரம் எடுக்கத்தான். கடையில விஏயைக் கேக்காதீங்க, வொட் எவ்வளவு எண்டு கேளுங்க, உங்களுக்கு 600 வொட்டுக்குக் குறையாம. பவர் சப்ளையில அக்டிவ் பிஎஃப்சி (கரண்டை ஒழுங்கா இழுக்க வைக்கிற சுற்று) இருக்கிறதால ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரி சீரான அலை) எண்டு போட்டதா எடுங்க, விலை கூடத்தான், ஆனா அலை படிபடியா வாற யுபிஎஸ் சிலதில, பற்றிக்கு மாறுற கணத்தில அக்டிவ் பிஎஃப்சி சப்ளை நிண்டுரும். புதுசு வாங்கினதும் கடைக்காரரை நம்பி விட்டுராதீங்க, கேம் ஓடிக்கொண்டு இருக்கிறப்போ சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பாருங்க. ஒரு நிமிசம் தாங்கி நிண்டா நல்லது, நிக்காட்டி அடுத்த நாளே திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்க.

காசு சேரும் வரைக்கும் பழையதைப் பாவிக்கிறதெண்டா பற்றியை மாத்துங்க, 12 வோல்ட் 7 அம்பியர் அவர், கழட்டி அதே அளவு கொண்டுபோனா தருவாங்க. காட் 165, கேமில சிபியு ஒரு 60, மற்றது 50, சப்ளை தின்னுறது சேர்த்து மொனிட்டரோட 350 பக்கம் வருது, 360க்கு மயிரிழை, அதனால பவர் லிமிட்டை 65க்கு இறக்கினாத்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன். பழைய பற்றியைக் குப்பையில எறியாதீங்க, உள்ளுக்கு ஈயமும் அசிட்டும். வாகனப் பற்றி விக்கிற கடையில குடுத்தா எடுப்பாங்க.


ஓர்ஸ்ஹில்_வயரிங்

புது யுபிஎஸ்ஸை அடப்டர் ஒண்டும் இல்லாம அந்தப் புதுச் சொக்கெட்டில நேர குத்து. அதே சொக்கெட்டில மல்டி பிளக் போட்டு அயர்ன் பொக்ஸ் குத்த ஒராளையும் விடாத.